மூன்றாவது நாற்காலி

மினியாபொலிஸ். ஜனவரி.
உப்புத் தூவிய பனிமேல் பேருந்து உறுமிக்கொண்டு நிற்கிறது.
அறைக்குள் மூன்று நாற்காலிகள்.
ஒன்றில் தாதி இங்ரிட்.
ஒன்றில் சுக்ரி, மடியில் பதினான்கு மாதப் பெண்குழந்தை.
நடுவில் இருப்பது எனக்கு. மணிக்கணக்கில் கூலி.

விதி எளிது. சொன்னதைச் சொல்.
கூட்டாதே. குறைக்காதே.
யார் ‘நான்’ என்றாலும் நீயும் ‘நான்’ என்றே சொல்.
ஆகவே காலை முழுக்க
நான் நானில்லை.

சுக்ரியின் மூத்தவன் லீபான், ஆறு வயது,
கதவின் பிடியைத் திருப்புகிறான்,
விடுகிறான், திருப்புகிறான்.
பெயர் சொன்னால் பார்ப்பதில்லை.

“என் மகனிடம் இரண்டு சொற்கள் இருந்தன.
தண்ணீர். நிலா.
ஊசி போட்ட மாதத்தில் இரண்டும் போயின.”

என் மகனிடம் இரண்டு சொற்கள் இருந்தன
என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன்.
தண்ணீரும் நிலாவும்
என் நாக்கில் ஒரு கணம் கிடந்துவிட்டு
எதிர்ப்பக்கம் போகின்றன.

இங்ரிட் கணினியைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.
“பின்னால் வந்ததெல்லாம் அதனால் வந்ததில்லை.
அந்த வயதில்தான் ஊசி. அந்த வயதில்தான்
இதுவும் வெளியே தெரியத் தொடங்கும்.
பல நாடுகளில், லட்சக்கணக்கான பிள்ளைகளிடம்
தேடிப் பார்த்துவிட்டார்கள். தொடர்பில்லை.
ஆனால் காய்ச்சல் வரும்.
சில ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வரலாம்,
பெரும்பாலும் வந்த சுவடில்லாமல் போய்விடும்.
அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.”

சில ஆயிரத்தில் ஒன்று.
எங்கள் மொழியில் அந்த அளவுக்கு ஆட்டு மந்தைதான் கிடைத்தது.
பெரிய பெரிய மந்தைகளில் ஒரு குட்டி என்றேன்.
(இது கூட்டலா? இன்னும் தெரியவில்லை.)

சுக்ரி கேட்டாள்:
“அந்தக் குட்டியின் தாய்க்கும்
மந்தையைத்தான் காட்டுவீர்களா?”

சொன்னேன், அப்படியே.
இங்ரிட் பேனாவை மூடினாள்.
“இல்லை” என்றாள். “அவளோடு உட்கார்ந்திருப்பேன்.”

பிறகு படிவம்.
சோமாலியில் ஒப்புதலும் அனுமதியும் ஒரே சொல்.
“யார் யாருக்கு அனுமதி தருவது?
அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை.
ஒரு விரல் காகிதத்தில் இடம் காட்டியது,
என் கை அங்கே போனது.
உங்கள் கோப்பில் அதற்குப் பெயர் சம்மதம்.”

குழந்தை என் அடையாள அட்டையின் கயிற்றைச் சப்புகிறது.
பாலும் ஈரமும் மணக்கிறது.

சட்டென்று அவள் என் பக்கம் திரும்பினாள்.
“நீ. உனக்குப் பிள்ளை உண்டா?
நீயானால் போடுவாயா?”

இதையும் சொல்லியாக வேண்டும்.
இங்ரிட்டிடம் சொன்னேன்:
நீ. உனக்குப் பிள்ளை உண்டா? நீயானால் போடுவாயா?
தன்னைத்தான் கேட்கிறாள் என்று வாய் திறந்தவள்
என் முகம் பார்த்து மூடிக்கொண்டாள்.

எனக்குப் பிள்ளை இல்லை.
எல்லையோர முகாமில் ஹிபாக் இருந்தாள்.
மணல்வாரி கண்டது.
கண் ஒட்டிக்கொண்டது, மூச்சில் சரளை உருண்டது.
ஐந்தாம் நாள் மணலிலேயே வைத்தோம்.
ஏழாம் நாள் ஊசி வண்டி வந்தது.
வண்டி போன பின்னும் அம்மா
அதன் தடத்தைப் பார்த்து நின்றிருந்தாள்.

இது சான்றில்லை.
ஒரு சிறுமி சான்றாக மாட்டாள்,
ஒரு சிறுவனும் ஆக மாட்டான்.
தெரியும். தெரிந்தும்

“எனக்கு ஒரு தங்கை இருந்தாள்” என்றேன்.
முதலில் அவள் மொழியில், பிறகு இவள் மொழியில்.
அன்று காலை அந்த ஒரு ‘நான்’ மட்டும் என்னுடையது.

யாரும் அழவில்லை. ரேடியேட்டர் தட்டிக்கொண்டிருந்தது.
சுக்ரி கையெழுத்துப் போடவில்லை.
படிவத்தை நான்காய் மடித்து
மாற்றுத்துணிப் பையில் செருகினாள்.
“வியாழன் வருகிறேன்,” என்றாள்.
“வருவேன் என்று சொல்லாதே, வரலாம் என்று சொல்.”
வரலாம் என்றேன்.
லீபானின் விரல்களைப் பிடியிலிருந்து
ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

என் கூலிச்சீட்டில் ஒரு கட்டம்:
உரையாடியவர்கள் எத்தனை பேர்?
இரண்டு என்று எழுதினேன்.

வியாழன் எனக்கு வேறு மருத்துவமனை.
ஒரு லாரி ஓட்டுநருக்குச் சிறுநீரகக் கல்.